மெக்கெய்ன் 2008: வாங்காமலே பயன்படுத்திய அனுபவம்

2025 ஜூனில் அமெரிக்க விமானங்கள் ஈரானின் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுத் தளங்கள் மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பியதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "இதற்கு ஜான் மெக்கெய்னே தேவலையோ? நீங்கள்தான் அந்த மனிதரை விடாமல் கவனித்து வந்தவராயிற்றே." ஒரு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோபம் வந்து நீண்டுவிட்டது.

அடிப்படை விவரங்கள் ஊரறிந்தவை. அப்பாவும் தாத்தாவும் கடற்படை அட்மிரல்கள், வியட்நாமில் ஐந்தரை ஆண்டு போர்க்கைதி, அரிசோனா செனட்டர், 2008இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர், தேர்வாளர் வாக்குகளில் 365க்கு 173 என்று ஒபாமாவிடம் தோல்வி. விலைபோகாத சரக்கு. விலைபோகாததை எப்படி ஐயா பயன்படுத்தினாய் என்று கேட்பீர்கள். அமெரிக்க வெளியுறவுக் கொள்கையில் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே அமெரிக்கர்களுக்கு. அனுபவிக்கும் பேறு மற்ற எல்லோருக்கும் உண்டு. பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் வசதி மட்டும் இல்லை.

குண்டு போடும் என்பது என் புகார் அல்ல. அது பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. முரட்டு அரசுகளை வீழ்த்த உதவுவதே தன் கொள்கை என்று 2000 தேர்தலுக்குப் போட்டியிட்டபோதே சொன்னார். 2002 ஜனவரியில் அரபிக் கடலில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, அடுத்தது பாக்தாத் என்று கூவினார். இராக் போர் தொடங்கியதோ 2003 மார்ச்சில். ஏமாற்றிவிட்டார் என்று யாரும் வழக்குப் போட முடியாது.

என்னால் பொறுக்க முடியாதது, ஓடும்போது அது எழுப்பும் சத்தம். சிரிப்புச் சத்தம்.

2007 ஏப்ரல், தென் கரோலினாவின் மரல்ஸ் இன்லெட் என்ற ஊரில் பிரசாரக் கூட்டம். ஒருவர் எழுந்து, தெஹ்ரானுக்கு வான்வழித் தபால் எப்போது அனுப்பப் போகிறோம் என்ற பொருளில் கேட்கிறார். கேள்வியே அரை நையாண்டிதான். வேட்பாளர் என்ன செய்திருக்கலாம்? புன்னகைத்துவிட்டுப் பதிலுக்குப் போயிருக்கலாம். அவரோ அறுபதுகளின் கடற்கரைக் கொண்டாட்டப் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து, குண்டு போடு, குண்டு போடு என்று ஈரானின் பெயரை வைத்துப் பாடிக்காட்டினார். கூட்டம் சிரித்தது. பிறகுதான் இஸ்ரேலுக்கு ஈரானால் வரும் ஆபத்து பற்றித் தீவிரமாகப் பேசினார். இது தகுமா என்று கேட்டவர்களுக்கு, கொஞ்சம் சிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வேறு வேலையைப் பாருங்கள் என்கிற தோரணையில் பதில் வந்தது.

ஒருமுறை என்றால் வாய் தவறியது என்று விட்டுவிடலாம். 2008 ஜூலையில், ஈரானுக்கு அமெரிக்க சிகரெட் ஏற்றுமதி கூடியிருப்பதைப் பற்றி நிருபர் கேட்டபோது, அவர்களைக் கொல்ல அதுவும் ஒரு வழியாக இருக்கலாம் என்றார். உடனே, வேடிக்கைக்குச் சொன்னேன் என்று சேர்த்துக்கொண்டார். வேடிக்கைதான், யார் மறுத்தது? ஈரானில் சிகரெட் பிடிப்பவர் மட்டும்தான் மறுத்திருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

உச்சம் 2013 செப்டம்பர் 3. சிரியா மீது தாக்குதல் நடத்த அனுமதிக்கலாமா என்று செனட் வெளியுறவுக் குழு கூடியிருக்கிறது. எதிரே வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், முப்படைகளின் தலைமைத் தளபதி. நம் மனிதர் மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு போக்கர் ஆடுகிறார். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் பின்னாலிருந்து எடுத்துவிட்டார். படம் வெளியானதும் அவரே சமூக வலைத்தளத்தில் எழுதியதன் சாரம்: மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நீண்ட விசாரணை, இதில் பெரிய கொடுமை நான் தோற்றுப்போனதுதான். சாவு வீட்டில் விடிய விடியச் சீட்டாடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் ஆள் செத்த பிறகுதான் சீட்டை எடுப்போம்.

பாக்தாத் சந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. 2007 ஏப்ரல் 1 (தேதி நான் சேர்த்ததல்ல). பாக்தாத்தில் சில பகுதிகளில் இப்போது தாராளமாக நடந்து போகலாம் என்று சொல்லியிருந்தவர், அதை நிரூபிக்க ஷோர்ஜா சந்தைக்குப் போனார். உடம்பில் குண்டு துளைக்காத கவசம். சுற்றிலும் நூறு வீரர்களுக்கு மேல். வானத்தில் ஹெலிகாப்டர்கள். கூடவே வந்த செனட்டர் லிண்ட்சே கிரகாம் ஐந்து டாலருக்கு ஐந்து கம்பளம் வாங்கியதாகப் பெருமைப்பட்டுக்கொண்டார். இன்னொருவர், பின்னாளில் துணை அதிபரான மைக் பென்ஸ், கோடைக்கால இந்தியானாவின் சந்தையைப் போலிருக்கிறது என்றார். கம்பளம் மலிவாகக் கிடைத்ததில் அதிசயம் என்ன? தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டால் எந்த வியாபாரியும் பேரம் பேச மாட்டான்.

இந்தச் சரக்கின் குமிழில் எண்கள் பல உண்டு. எதில் திருப்பினாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். கொசோவோ என்றால் தரைப்படையையும் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். 2008இல் ரஷ்யாவுடன் போரில் சிக்கிய ஜார்ஜியா நாடு என்றால், இன்று நாம் எல்லோரும் ஜார்ஜியர்களே. (அவருடைய வெளியுறவு ஆலோசகர் முன்பு ஜார்ஜிய அரசுக்காக வாஷிங்டனில் ஆதரவு திரட்டும் வேலை பார்த்தவர் என்பது தனிக் கதை.) லிபியா இன்னும் சுவையானது. 2009 ஆகஸ்டில், அந்த நாட்டை ஆண்ட கடாஃபியை அவருடைய இடத்திலேயே இரவில் சந்தித்துவிட்டு, சுவாரசியமான மனிதருடன் சுவாரசியமான சந்திப்பு என்று எழுதினார். 2011 ஏப்ரலில் பெங்காசியில் இறங்கி, அதே கடாஃபியை எதிர்த்துப் போரிட்டவர்கள் தன் நாயகர்கள் என்றார். இடையில் இருபது மாதம். அந்த மனிதர் சுவாரசியம் குறைந்துபோனார் போலும்.

இதில் நிபுணர் என்ற விளம்பரம் வேறு. 2008 மார்ச்சில் அம்மானில் நிருபர்களிடம், ஈரான் அல் காய்தாவினரை அழைத்துப் பயிற்சி கொடுத்து இராக்குக்குத் திருப்பி அனுப்புகிறது என்றார். ஈரான் ஷியா அரசு, அல் காய்தா சன்னி இயக்கம்; இரண்டுக்கும் ஆகாது. பக்கத்தில் நின்ற செனட்டர் லீபர்மன் காதில் ஏதோ சொன்ன பிறகு, தீவிரவாதிகள், அல் காய்தா அல்ல என்று திருத்திக்கொண்டார். வெளியுறவு அனுபவத்தைச் சொல்லியே வாக்குக் கேட்டவர் இவர்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். இராக்கில் நூறு ஆண்டு இருப்போம் என்றார் என அவரை இன்றும் திட்டுகிறார்கள். முழுப் பேச்சையும் படித்தால், அமெரிக்கர்கள் கொல்லப்படாமலும் காயப்படாமலும் இருக்கும்வரை, ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இருப்பதுபோல என்றுதான் இருக்கிறது. வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் ஓட்டினார்கள். அதிலும் அமெரிக்கர்களின் காயம் மட்டுமே கணக்கில் வந்தது என்பதை நான் கவனிக்காமல் இல்லை. இருந்தாலும் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக் கூடாது.

எதிர்பாராமல் மகிழ்வித்த இடங்களும் உண்டு. 1983இல், காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) வந்த முதல் ஆண்டிலேயே, லெபனானில் கடற்படை வீரர்களை வைத்திருப்பது வீண் என்று தன் கட்சி அதிபர் ரீகனையே எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மாதம் பெய்ரூட் முகாமில் வெடித்த குண்டுக்கு 241 அமெரிக்கப் படையினர் பலியானார்கள். அந்த முதல் தயாரிப்பு நன்றாகத்தான் இருந்தது. நடுவில் எந்தப் பாகத்தை மாற்றினார்களோ. தன்னைச் சிறை வைத்திருந்த வியட்நாமுடன் 1995இல் உறவு மீண்டும் மலர முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர். சித்திரவதைக்கு எதிராக 2005இல் அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு செனட்டில் 90 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. கைகளை உயர்த்தித் தலை வாரிக்கொள்ளக்கூட முடியாதபடி சிறையில் முடமாக்கப்பட்டவர் பேசியபோது அவை கேட்டது. இந்த ஒன்றுக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று தோன்றும். தோன்றிய கையோடு 2008 பிப்ரவரி நினைவுக்கு வரும்: விசாரணை முறைகளில் ராணுவத்துக்குள்ள கட்டுப்பாடு உளவு நிறுவனமான சிஐஏவுக்கும் வேண்டும் என்ற மசோதாவை, வேட்பாளரான பிறகு எதிர்த்து வாக்களித்தார்.

2018இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளியான நினைவுக்குறிப்பில், இராக் போர் மிகக் கடுமையான தவறு, பழியில் தன் பங்கை ஏற்கத்தான் வேண்டும் என்று எழுதினார். இதை வேறு எந்தத் தயாரிப்பிலும் நான் பார்த்ததில்லை. பதினைந்து ஆண்டு தாமதம்தான். மற்றவை அதுவும் செய்யவில்லை.

இனி நண்பரின் கேள்வி. மக்கள் 2008இல் அந்தப் பெட்டியை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். உதிரிபாகங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்துவிட்டன. அவரைத் தோற்கடித்த ஒபாமா 2009 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அறிவித்தார். 2011இல் லிபியாவின் மீது விமானங்களை அனுப்பினார். பிடிபட்டவரெல்லாம் வீரரா, பிடிபடாதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று 2015இல் மெக்கெய்னை இகழ்ந்த டிரம்ப், பத்தே ஆண்டில் அவருடைய பாட்டை அரங்கேற்றினார்: தலா 30,000 பவுண்டு எடையுள்ள 14 குண்டுகள். மரல்ஸ் இன்லெட்டில் மெட்டுப் போட்டவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கைதட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நாளே, காங்கிரசை ஏன் கேட்கவில்லை என்று சண்டைக்கும் போயிருப்பார்.

தேவலையா என்றால் தேவலை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். வாங்கலாமா என்றால், வேண்டாம்; இலவசமாகக் கொடுத்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மதிப்பெண்ணும் அறிவுரையும் ஒத்துப்போகவில்லையே என்று நண்பர் கேட்பார். அந்தச் சிரிப்பை ஒரு முறை மறுபடி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2028க்கு யார் கடைக்கு வந்தாலும், கொள்கை விளக்கம் கேட்பதற்கு முன் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பார்க்கலாம்.