வேக நடை, ஓட்டம், சைக்கிள், ஹிட்: தசையை விட்டுவைத்துக் கொழுப்பை மட்டும் குறைப்பது எது?

ஜிம்மில் இரண்டு கட்சிகள் உண்டு. டிரெட்மில்லை விட்டு இறங்காதவர்கள் ஒரு பக்கம். அதன் அருகே போனாலே கட்டிய தசை கரைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் மறுபக்கம்.

அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் மூன்று குழுக்களுக்குப் பத்து வாரம் பயிற்சி கொடுத்தார். ஒரு குழு வாரம் 5 நாள் எடை தூக்கியது, இன்னொன்று 6 நாள் ஓட்டமும் சைக்கிளும் செய்தது, மூன்றாவது இரண்டையும் செய்தது. மூன்றாம் குழுவின் கால் வலிமை முதலில் நன்றாகவே ஏறியது. கடைசி வாரங்களில் நின்று, பிறகு இறங்கியது. கார்டியோ, அதாவது ஓட்டம், சைக்கிள் போல இதயத்துடிப்பை ஏற்றும் பயிற்சி, தசைக்கு எதிரி என்ற பேச்சு இங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: வாரத்துக்குப் பதினொரு கடும் பயிற்சிகள்! கால்கள் சோர்ந்துபோனதில் என்ன வியப்பு? 2022இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, கார்டியோவைச் சேர்த்துக்கொள்வதால் ஒட்டுமொத்தத் தசை வளர்ச்சியும் உச்ச வலிமையும் கெடுவதில்லை என்றே காட்டியது. குறைவது வெடிப்பு வலிமைதான், அதாவது குதிக்கவும் பாயவும் தேவைப்படும் நொடிநேர வலிமை. அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் செய்யும்போது.

எடைப் பயிற்சி மட்டுமே கொழுப்பைக் குறைத்துவிடும் என்பாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வில், உடல் எடை கூடியவர்கள் எட்டு மாதம் பயிற்சி செய்தார்கள். கார்டியோ குழு சுமார் 1.7 கிலோ கொழுப்பை இழந்தது. எடைப் பயிற்சிக் குழுவுக்குத் தசை ஏறியது, கொழுப்பு ஏறக்குறைய அப்படியே நின்றது. இரண்டையும் செய்தவர்களுக்கு இரண்டு பலனும் கிட்டியது. நேரம் மட்டும் இரட்டிப்பானது.

எட்டு மாதத்துக்கு 1.7 கிலோ என்பது சொற்பம்தான். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 350 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ ஏறத்தாழ 7,700. ஓடி முடித்த பசி அதிலும் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கும். ஆகவே கொழுப்பைக் குறைக்கும் பெரிய வேலை தட்டில்தான் நடக்கிறது. கார்டியோவைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் கேள்வி வேறு: நாளைய ஸ்குவாட்டிலிருந்து (பளுவோடு உட்கார்ந்து எழும் கால் பயிற்சி) இது எவ்வளவு பிடுங்கிக்கொள்கிறது?

அந்த அளவுகோலில் வேக நடைக்கு ஈடில்லை. ஓட்டத்தைவிடக் கலோரி குறைவு, நேரமும் தின்னும். ஆனால் தினமும் நடந்தாலும் கால்கள் புகார் செய்வதில்லை.

ஓட்டம் அப்படியல்ல. ஒவ்வோர் அடியும் தரையில் விழும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தாக்குகிறது. தொடைத் தசை நீண்டபடியே அதைத் தாங்க வேண்டும். தசை இழைகள் நோவதும் மறுநாள் இறுகிப்போவதும் இதனால்தான். சைக்கிளில் இந்த அதிர்ச்சி கிடையாது. மிதிப்பது ஸ்குவாட்டில் உழைக்கும் அதே தொடைத் தசைகள். 2012இன் ஒரு தொகுப்பாய்வில் எடைப் பயிற்சியோடு ஓட்டத்தைச் சேர்த்தபோது தசை, வலிமை இரண்டும் பின்தங்கின. சைக்கிளைச் சேர்த்தபோது அப்படித் தெரியவில்லை. ஓட்டம் பிடித்தவர்கள் ஓடட்டும், மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் ஓடித்தான் ஆகவேண்டும். தசைதான் முதல் குறி என்றால் என் ஓட்டு சைக்கிளுக்கு.

ஹிட் எனப்படும் அதிவேக இடைவெளிப் பயிற்சிக்குக் கிடைத்த விளம்பரம் அதன் தகுதியைவிடப் பெரிது. மிதமான கார்டியோ குறைக்கும் அளவுக்கே அதுவும் கொழுப்பைக் குறைக்கிறது. நேரம் சுமார் 40 சதவீதம் மிச்சம். அது நல்ல லாபம். ஆனால் முடித்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்பது மிகைப்பேச்சு. அந்தக் கூடுதல் செலவு சிறியது. நிஜமாகவே உச்ச வேகத்தில் செய்தால் அதையும் ஒரு கால் பயிற்சி நாளாகத்தான் எண்ண வேண்டும். வாரம் ஒன்றோ இரண்டோ போதும்.

வெறும் வயிற்றில் ஓடுவதா, சாப்பிட்டபின் ஓடுவதா என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். நாள் முழுக்க உண்ணும் அளவு ஒன்றாக இருந்தால் கொழுப்புக் குறைவில் வேறுபாடு தெரிவதில்லை.

தசையைக் காப்பது புரதமும் பளுவும். மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களின் உணவு 40 சதவீதம் குறைக்கப்பட்டது; வாரம் ஆறு நாள் பயிற்சி, அதில் அதிவேக இடைவெளிப் பயிற்சியும் உண்டு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் நான்கே வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத எடையில் 1.2 கிலோ ஏறினார்கள். பாதிப் புரதம் உண்டவர்களுக்கு அந்த ஏற்றம் கிட்டத்தட்டப் பூஜ்யம். பழகிய உடலுக்கு இந்த வேகம் வராது, அவர்கள் புதிதாகத் தொடங்கியவர்கள். ஆனாலும் அத்தனை கடும் கார்டியோவுக்கு நடுவில் தசை கரையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்வதென்றால் பளுவை முதலில் தூக்குங்கள். முடிந்தால் நடுவில் ஆறு மணி நேரம் விடுங்கள். கால் பயிற்சிக்கு மறுநாள் ஓட்டம் வேண்டாம், நடை போதும்.