2 அடி மீன் தொட்டிக்கு எந்த விளக்கு: நிறம் தெரியணும், பாசி பிடிக்கக் கூடாது

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் செக்கச்செவேல் என்று தெரிந்த மீன், வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் தெளிந்த பிறகும் வெளிறியே இருந்தால், முதலில் தலைக்கு மேல் எரியும் விளக்கைப் பாருங்கள். கடைத் தொட்டிகள் பலவற்றில் ரோஸ் நிற விளக்குதான் இருக்கும். அது சிவப்பை மட்டும் தூக்கிக் காட்டும். செடியும் வெள்ளை மீனும் அழுக்கேறியது போல் தெரியும். வீட்டுக்கு அது வேண்டாம்.

விலை குறைந்த வெள்ளை எல்இடி பட்டை நீலத்தையும் வெள்ளியையும் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அதன் ஒளியில் அடர் சிவப்பு குறைவு. அதனால் கார்டினல் டெட்ராவின் வயிறும் சிவப்பு வாள்வால் மீனும் ஆரஞ்சாகத் தெரியும். இதைச் சரிசெய்ய அதிக வாட் வாங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. நிறம் அப்படியே இருக்கும், பாசிதான் வளரும்.

வாங்க வேண்டியது வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீலம் கலந்த டபிள்யூஆர்ஜிபி வகை. பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் என்று இருக்கட்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயம். 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டியில் கல் போட்டபின் சுமார் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ் போன்ற குறைந்த வெளிச்சமே போதுமான செடிகள் மட்டும் உள்ள தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். அதாவது 900 முதல் 1,200 லூமென். நல்ல எல்இடியில் 10, 12 வாட். சிஹிரோஸ் டபிள்யூஆர்ஜிபி 2 போன்ற விளக்குகள், செடிக்காகத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் தொட்டிக்கானவை. மீன் மட்டும் வளர்ப்பவர் அந்தப் பணத்தை நல்ல ஃபில்டரில் போடலாம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கை எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். சில ரிமோட் விளக்குகள் பழைய அமைப்பை மறந்து நிறம் மாறி மாறி எரியும், அல்லது அணைந்தே கிடக்கும். அப்படிப்பட்டதை டைமரில் மாட்ட முடியாது. டைமரிலும் பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையே நல்லது. முள் சுற்றும் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், மறுநாள் நேரம் தள்ளிப்போகும்.

மாட்டும் இடம் இன்னும் முக்கியம். விளக்கை நடுவில் வைக்காமல், முன் கண்ணாடியிலிருந்து 3, 4 அங்குலத்தில் வையுங்கள். நியான் டெட்ராவின் நீலக்கோடு சாயத்தால் வருவதல்ல, செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. பின்பக்கமிருந்து ஒளி வந்தால் நாம் பார்க்கும் பக்கம் நிழலாகிவிடும். முன்னால் நகர்த்தினால் அதே 10 வாட்டில் கோடு பளிச்சென்று எரியும். பின் கண்ணாடிக்குக் கறுப்பு சார்ட் ஒட்டி, வெள்ளைக் கல்லுக்குப் பதில் கறுப்பு நிறக் கல் போடுங்கள். வெளிர் தரையில் மீன் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், எந்த விளக்கும் அதை மீட்காது.

முதல் இரண்டு வாரம் பாதி வெளிச்சத்தில், தினமும் 6 மணி நேரம். பாசி இல்லையென்றால் வாரத்துக்கு அரை மணி கூட்டி 8 மணியில் நிறுத்துங்கள். புதுத் தொட்டியில் பழுப்புப் படலம் வந்தால் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டால் சில வாரங்களில் தானே நிற்கும். கண்ணாடியில் பச்சைப் புள்ளி கெட்டியாக ஒட்டினால் வெளிச்சம் அதிகம். தண்ணீரே பச்சையானால் ஜன்னல் வெயிலையும் போடும் தீனியையும் பாருங்கள்; 3 நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கி, பிறகு பாதித் தண்ணீர் மாற்றலாம். மூடியிருக்கும்போதும் காற்று பம்ப் ஓட வேண்டும்.

இரவு முழுக்க நீல விளக்கு எரியவிடும் வசதியை அணைத்தே வையுங்கள். மீனுக்கும் ஓய்வு வேண்டும். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் மூடிக் கண்ணாடியில் உப்புக்கறை படிந்து வெளிச்சம் குறையும். கண்ணாடியைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் தேய்த்து, நன்றாகக் கழுவி மாட்டினால் போதும்.