ஏழு சீசன், நாலு அளவுப் பந்து: பசங்களுக்குப் பாஸ் சொல்லிக்கொடுத்த அனுபவம்

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. மகன் இரண்டாம் வகுப்பில் ஃபிளாக் ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்தில், ஆளை மோதி வீழ்த்தாமல் இடுப்புப் பட்டையை உருவும் வகை) சேர்ந்தபோது கோச்சுக்கு ஆள் இல்லை, நீங்கள் வரமுடியுமா என்றார்கள். சரி என்றேன். ஏழு சீசன் ஓடிவிட்டது. இத்தனை நாளில் பசங்களின் பாஸிங்கை, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவதை, நிஜமாகவே மாற்றியது கைக்குப் பொருந்தும் பந்துதான்.

முதல் சீசனில் டிவியில் பார்க்கிற முழு அளவுப் பந்தையே வாங்கினேன். ஏழு வயசுக் கைக்கு அது பிடிபடவே இல்லை. பந்தை உள்ளங்கையில் ஏந்தி, முழங்கையைத் தோளுக்குக் கீழே இறக்கி, குண்டு எறிவதுபோல் தள்ளினார்கள். "முழங்கையை மேலே தூக்கு" என்று இரண்டு மாதம் கத்தினேன். தப்பு பந்தில் இருந்தது, திட்டு வாங்கியது குழந்தைகள். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

வில்சன் கம்பெனிப் பந்துகளில் 6 முதல் 9 வயதுக்குக் கே2 என்ற அளவு, 9 முதல் 12க்கு டிடிஜே, 12 முதல் 14க்கு டிடிஒய், அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளியில் ஆடும் முழு அளவு. வாங்குமுன் உங்கள் லீக் எந்த அளவு கேட்கிறது என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி நான் வயதைவிடக் கையைத்தான் பார்ப்பேன். மோதிர விரலும் சுண்டு விரலும் லேஸின் (பந்தின் மேல் உள்ள கயிற்றுத் தையல்) மேல், கட்டைவிரல் அடியில், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அப்படியே கையைக் கவிழ்க்கச் சொல்வேன். நழுவினால் ஒரு அளவு குறைத்துவிடுவேன்.

இரண்டாவது சீசனில் ஒரு இடதுகைப் பையனிடம் கே2 பந்தைக் கொடுத்தேன். மூன்றாவது எறியிலேயே பந்து சுழன்றுகொண்டு போய், பிடிக்க நின்ற ரிசீவர் நெஞ்சில் டப்பென்று விழுந்தது. அவன் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். அப்புறம் அன்று முழுக்கப் பந்தைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரூட்டுகளே, அதாவது ரிசீவர் ஓடும் வழிகளே, வேலை செய்ய ஆரம்பித்தன. ஐந்து யார்டு ஓடித் திரும்பி நிற்கும் ஹிட்ச், குறுக்கே உள்ளே வெட்டும் ஸ்லான்ட், ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பும் அவுட், இந்த மூன்றுதான் வைத்துக்கொண்டோம். எறிபவன் மூன்றாவது அடி பின்னால் வைத்ததும் பந்து கையை விட்டுப் போக வேண்டும். பெரிய பந்தில் அது நடக்கவே நடக்காது. பாஸை நம்பி ஆடும் ஏர் ரெய்டு ஆட்டமுறையை வளர்த்த ஹால் மம்மி இதே டெக்சாஸில் காப்பரஸ் கோவ் பள்ளியில் கோச்சாக இருந்தவர். கொஞ்சம் ஆட்டத் திட்டங்களை மட்டும் வைத்து நிறையத் தடவை பழகுவது என்ற அவர் வழி சின்னப் பசங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

தோலா, செயற்கைத் தோலா என்றால் என் ஓட்டு தோலுக்கு. ஆகஸ்ட் வேர்வையில் செயற்கைப் பந்து வழுக்குகிறது. புதுத் தோல் பந்தும் முதலில் வழுக்கத்தான் செய்யும். தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து எறிந்தால் இரண்டு மூன்று வாரத்தில் படிந்துவிடும். மழையில் மட்டும் எடுக்காதீர்கள், தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். அதற்கு ஒரு ரப்பர் பந்து போதும். காற்றழுத்தம் 13 பிஎஸ்ஐ வைக்கிறேன். நவம்பர் குளிரில் இறங்கிவிடுவதால் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். பம்ப் ஊசியை நனைக்காமல் குத்தி ஒரு நல்ல பந்தைக் கிழித்திருக்கிறேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். பன்னிரண்டு வயதில் மகன் திடுதிப்பென்று உயர்ந்தான் என்று முழு அளவுக்கு மாற்றினேன். மூன்றே வாரத்தில் தோள் வலி, முழங்கை பழையபடி கீழே. டிடிஒய்க்குத் திரும்பி இரண்டு சீசன் அதிலேயே ஆடினான். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. முழு அளவுப் பந்தைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினான், நழுவவில்லை. அந்த டிடிஒய்யை அடுத்த தெருப் பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.