தண்ணீரையும் கன அடியில் அளக்கும் மரக்கடை

சேலம் இரும்பாலையில் 29 வருடம் வேலை பார்த்தவன் வீட்டில் மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்டா என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பழைய மீன் தொட்டி ஸ்டாண்டைத்தான் காட்டினேன். ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்தது, மேலே கறுப்பு பெயின்ட். ஆலையில் எங்கள் கையில் ஓடியது துருப்பிடிக்காத எஃகு. ஸ்டாண்டுக்குப் போடுவதோ சாதா இரும்பு. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் நாலு சொட்டு கால் வழியாக இறங்கி, மூன்றாம் வருடம் பெயின்ட் உப்பி, தரையில் நான்கு காவி வட்டம் விழுந்துவிட்டது. வீட்டுக்காரி அந்த வட்டங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சலித்துப் போனாள்.

ஓய்வு பெற்றாகிவிட்டது, நேரம் கிடக்கிறது. ரம்பம் பிடித்துப் பழக்கமில்லாத கைதான், பரவாயில்லை, மரத்தில் நாமே ஒன்று செய்துவிடுவோம் என்று இறங்கினேன். இங்கே எழுதுவது அந்த மரத்தை வாங்கிய கடையைப் பற்றி.

கடை சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து, ‘டிம்பர்’ என்ற பின்பாதி மட்டும் மிச்சம். பில் என்பது துண்டுச் சீட்டு, அதிலும் பெயர் கிடையாது. போனில் மேப் பார்த்துப் போக முடியாது, மரம் அறுக்கும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அதற்கு முன் வேறொரு கடைக்குப் போயிருந்தேன். “எத்தனை கன அடி வேணும்?” என்றார்கள். “மீன் தொட்டி ஸ்டாண்டுக்குங்க” என்றேன். கல்லாவில் இருந்தவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வரைந்து எடுத்துப் போன காகிதத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பியும் ஒருமுறை பார்த்தார். “தொட்டி என்ன அளவுங்க தம்பி?” என்றார். 58 வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் கிடைப்பது லேசான விஷயமில்லை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள், “ஆறே முக்கால் கன அடி. கன அடிக்கு 28 கிலோ தண்ணி. தண்ணியே 190 கிலோ வருதே. கண்ணாடி, கல்லு?” என்றார்.

மரக்காரர்களுக்கு உலகமே கன அடிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டு மில்லி கண்ணாடி முப்பது கிலோவுக்கு மேல், அடியில் பரப்பும் கல் ஒரு பதினைந்து, இருபது. மொத்தம் 240 கிலோ. விளிம்பு வரை யாரும் ஊற்றுவதில்லை என்றாலும் கணக்கை அப்படித்தான் போட வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்தை ஒரு மேசைமேல் அடுக்கி, ராத்திரி பகலாக வருடக்கணக்கில் விட்டுவைப்பது போல.

என் படத்தில் இரண்டு தப்பு இருந்தது. குறுக்குச் சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து ஸ்குரூ முடுக்குவதாக வரைந்திருந்தேன். “இப்படிச் செஞ்சா மொத்த பாரமும் ஸ்குரூ மேல நிக்கும். பாரத்த மரம்தான் தாங்கணும். காலைச் சட்டத்துக்கு அடியில கொண்டாந்து நிறுத்துங்க, ஸ்குரூ சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்” என்றார். அடுத்தது, மூணுக்கு ரெண்டு சட்டத்தைப் படுக்கவைத்து வரைந்திருந்தேன். மூன்று அங்குலப் பக்கம் மேலும் கீழுமாக நிற்க வேண்டுமாம். கணக்குப் போட்டால் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைப்பது ஒன்றரை மடங்கு பாரம் தாங்கும். கிரேன் ஓடும் தூலங்களைத் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வேலை செய்தவனுக்கு இதை மரக்கடையில் சொல்லித் தர வேண்டியிருக்கிறது!

அப்புறம் எந்த மரம் என்ற பேச்சு. வாசலிலேயே சில்வர் ஓக் பலகைகள் அடுக்கி இருந்தன. ஏற்காடு போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் காபித் தோட்டம் முழுக்க நிழலுக்கு நெட்டையாக நிற்கும் மரம், மேலே மிளகுக் கொடி ஏறியிருக்கும். விலை குறைவு, தூக்கவும் லேசு. நான் அதைத்தான் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. “பெட்டி அடிக்க நல்ல மரம். தண்ணி படற எடத்துக்கு ஆகாது, கரையானும் விடாது” என்று சொல்லி, வேப்ப மரம் இருந்த பக்கம் கூட்டிப் போனார். வேங்கை கேட்கும் அளவுக்கு என் பென்ஷன் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வேப்பங்கட்டைகளின் முனைதான். ஒவ்வொன்றிலும் அறுத்த மாதத்தைச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்று முன்னால் இருந்த குவியலில் நான் கை வைத்தேன். “அது போன மாசத்து மரம். ஈரத்தோட பூட்டினீங்கன்னா நம்மூர் வெயில்ல முறுக்கிக்கும், ஒரு கால் தூக்கிக்கும்” என்று விலக்கிவிட்டு, பின்னால் தூசி படிந்து கிடந்ததிலிருந்து உருவிக் கொடுத்தார். இரண்டையும் விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னார். காய்ந்தது கணீர் என்றது, மற்றது மொத்தென்று. ஆறடியில் ஆறு சட்டம் எடுத்தேன், மொத்தம் 36 அடி. மூணுக்கு ரெண்டில் 24 அடி சேர்ந்தால் ஒரு கன அடி, ஆக ஒன்றரை கன அடி. இழைப்புக் கூலியும் வெட்டுக் கூலியும் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது.

குறை இல்லாமல் இல்லை. மூணுக்கு ரெண்டு என்று காசு வாங்குகிறார்கள், இழைத்து வாங்கினால் கையில் வருவது இரண்டே முக்காலுக்கு ஒன்றே முக்கால். எல்லா மரக்கடையிலும் இதுதான் வழக்கமாம், ஆனால் புதிதாகப் போகிறவனுக்கு முதலிலேயே சொல்ல வேண்டாமா? நான் பழைய அளவை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் வீட்டுக்கு வந்து மாறியது. அதைவிட எரிச்சல், வெட்டிக் கொடுத்த ஆறு கால்களில் இரண்டு 4 மில்லி குட்டை. மொட்டைப் பென்சிலால் கோடு போட்டால் அப்படித்தான் ஆகும். திரும்ப எடுத்துப் போனபோது வாதாடாமல் வேறு இரண்டு வெட்டிக் கொடுத்தார்கள், அது சரி. ஆனால் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்த கதவின் முன் நின்றது நான்தானே. போன் அடித்தால் எடுப்பதில்லை. ஜிபே கிடையாது, ரொக்கம் மட்டும்.

வீட்டில் நடந்த கூத்துக்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. முன் துளை போடாமல் ஸ்குரூவை முடுக்கி ஒரு சட்டத்தின் முனையைப் பிளந்துவிட்டேன். ஸ்குரூவைவிடச் சற்று ஒல்லியான பிட் வைத்து முதலில் ஓட்டை போட்ட பிறகு ஒன்றுகூடப் பிளக்கவில்லை. மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் பெரியவர். 36 அங்குலத்துக்கு 18 அங்குலச் சட்டம் என்றால் இரண்டு பக்கமும் நாற்பதே கால் வர வேண்டும். எனக்கு ஒன்று 40, மற்றது நாற்பதரை. பசை காய்வதற்குள் கயிறு கட்டி இழுத்து நேராக்கினேன். எல்லாம் பூட்டியும் பக்கவாட்டில் லேசாக ஆடியது. பின்பக்கம் ஒரு பிளைவுட் பலகையை அடித்ததும் ஆட்டம் நின்றது.

மேல் பலகைக்கு வாங்கிய பிளைவுட் தனிக் கதை. இன்னொரு கடையில் ‘வாட்டர் புரூஃப்’ என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். ஓரத்தில் ஈரத்துணி வைத்துப் பார்த்தேன், இரண்டு நாளில் பூரி மாதிரி உப்பிவிட்டது. தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் என்றால் பலகையிலேயே ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்க வேண்டும். அதைப் பார்த்து 18 மில்லியில் வேறு வாங்கினேன்.

ஸ்டாண்டை வைத்துவிட்டு ரசமட்டம் போட்டால் வாசல் பக்கம் சாய்ந்தது. கழுவிவிட வசதியாகக் கொத்தனார் தரையையே சாய்த்துப் போட்டிருக்கிறார். காலடியில் பிளாஸ்டிக் துண்டு கொடுத்துச் சரிசெய்து, தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் விரித்து, மேட்டூர் தண்ணீர் வந்த நாளில் பாதி மட்டும் நிரப்பினேன். அன்று ராத்திரி இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மறுநாள் மீதியை நிரப்பினேன். நான்கு மாதமாகிறது, சட்டம் ஒரு நூல்கூடத் தாழவில்லை. தொட்டி மூடியைத் திறக்கக் கிட்டே போனால் இன்னும் வேம்பின் கசப்பு வாசனை அடிக்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். போவதாக இருந்தால் காலையில் போங்கள். மத்தியானத்துக்கு மேல் பெரியவர் வருவதில்லை, அவர் பையன்தான் இருப்பார். அவரும் நல்ல மனுஷன்தான், ஆனால் நீங்கள் கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார்.