சடையும் நிறமும்: நுவரெலியாப் பக்கத்து அங்கோரா முயற்பண்ணையில் ஒன்றேகால் வருடம்

என் அக்கா கம்பளித் தொப்பிகளும் கழுத்துத் துண்டுகளும் பின்னி, ஏப்ரல் பருவகாலத்தில் நுவரெலியாவுக்கு வருகிறவர்களுக்கு விற்கிறவர். சாயம் போடாத சாம்பல் நிற நூலில் அவர் பின்னியவை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்துத்தான், அந்த நிறத்தில் முடி தரும் முயல்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாமா என்ற எண்ணம் எனக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு நேரம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பழைய ஆட்டுக்கொட்டில் ஒன்றும் சும்மா கிடந்தது. நுவரெலியாவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தோட்டத்தின் ஓரத்தில், நீண்ட முடிக்காக வளர்க்கப்படும் அங்கோரா இனத்து வெள்ளை ஆண் முயல்களை வைத்து, வெளியார் கொண்டுவரும் பெட்டைகளுக்கு இணைசேர்த்துக் கொடுக்கும் பண்ணை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, சென்ற வருடத் தொடக்கத்தில் அங்கே போனேன். அந்தப் பண்ணையின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முயல்களைப் பராமரிப்பதில் இந்தப் பண்ணைக்காரர் கைதேர்ந்தவர். கூடுகள் இடுப்பளவு உயரத்தில் நிற்கின்றன. கம்பிவலைத் தரையில் ஒவ்வொரு முயலுக்கும் உட்காரப் பலகை போடப்பட்டிருக்கிறது. பாரமான அங்கோராக்களை வெறும் கம்பியில் விட்டால் பாதங்களில் புண் வரும். கூட்டுக்கடியில் சேரும் சிறுநீரை நாள்தோறும் கழுவிவிடுவதால், பல முயற்கொட்டில்களில் கண்ணை எரிக்கும் அந்த நெடி இங்கே இல்லை. உணவில் பெரும்பங்கு காய்ந்த புல். கோவா இலையும் கறட் இலையும் சும்மா கிடைக்கும் ஊர் என்பதற்காக அவற்றை அள்ளிப் போட்டு வயிற்றை ஊத வைப்பதில்லை. தன்னை நக்கும்போது முடியை விழுங்கிவிடுவதும், விழுங்கியதை வாந்தியெடுக்க இயலாததும் முயலின் பிறவிக்குணங்கள். குடலில் முடி கட்டிக்கொள்ளாதிருக்க நார் நிறைந்த புல்தான் காப்பு. இதை நான் கேட்காமலே அவர் விளக்கினார்.

குளிர் விஷயத்தில் ஊரே அவருக்குத் துணை. 1868 மீற்றர் உயரத்தில், சராசரி வெப்பம் 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியா, தடித்த முடியைச் சுமக்கும் விலங்குக்கு ஏற்ற இடம். இதே முயலைக் கொழும்பில் வைத்தால் இளைத்து இளைத்தே செத்துப்போகும். ஆனால் மூடுபனி வேறு கதை. தென்மேற்குப் பருவமழை இறங்கும் யூன், யூலை மாதங்களில் மேற்குப் பக்கக் கூடுகளுக்கு உரப்பையைத் தவிர வேறு மறைப்பில்லை. ஈரம் ஏறிய முடி கழுத்தடியில் கம்பளிப் பாய்போலத் திரண்டுவிடுகிறது. அந்த வரிசையில் இருந்த ஒரு முயலின் தாடையடியில் கையை வைத்தபோது, விரல் தோலைத் தொடவே இல்லை.

நான் கொண்டுபோனது வீட்டில் வளர்ந்த நாட்டுப் பெட்டை. காட்டு முயலின் மண்சாம்பல் நிறம், கட்டை முடி. ஒரு சேர்க்கைக்கு 2000 ரூபா. பெட்டையைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெட்டையின் கூட்டுக்குள் விட்டால் அவள் தன் இடத்தைக் காக்கக் கடித்துக் குதறுவாள். முயலுக்கு மாதாந்தச் சுழற்சி கிடையாது, சேர்க்கையின் தூண்டலால்தான் முட்டை வெளிப்படும் என்பதால், இரண்டு தடவை சேர்த்து ஒரு மணி நேரத்தில் பெட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் மீண்டும் போனேன். பண்ணைக்காரர் அவளின் வயிற்றடியில் கையை விட்டு, கண்களை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவி, "ஆறாவது இருக்கும், டீச்சர்" என்றார். முப்பத்தோராம் நாள் பிறந்தவை சரியாக ஆறு.

இனித்தான் பிரச்சினை. பணம் வாங்கிய நாளில், அங்கு வேலை செய்யும் இளைஞர் குட்டிகளில் பாதியாவது சடையாக, அதாவது நீள் முடியோடு, வரும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில் சடை தெரிய வேண்டும். ஆறில் ஒன்றுகூடப் புசுபுசுவென்று எழவில்லை. எல்லாம் தாயைப் போலவே கட்டை முடி. இது அதிர்ஷ்டக் குறைவல்ல, நடக்க வேண்டியதுதான் நடந்தது. அங்கோராவின் நீள் முடிக்குக் காரணம் ஒரே ஒரு ஒடுங்கு மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளும் கிடைத்தால்தான் முடி நீளும். சடையின் வாடையே இல்லாத நாட்டுப் பெட்டையை உலகத்திலேயே சிறந்த அங்கோராவுடன் சேர்த்தாலும் முதல் தலைமுறை முழுவதும் கட்டை முடியாகத்தான் இருக்கும். ஹார்வர்டில் வில்லியம் காசில் என்ற மரபியலாளர் 1903 அளவிலேயே அங்கோரா முடி இவ்வாறு இறங்குவதைக் காட்டிவிட்டார். நூற்றிருபது வருடப் பழைய உண்மையை, இணைசேர்க்கைக்குக் காசு வாங்கும் இடத்தில் வாடிக்கையாளருக்குச் சொல்லாதிருப்பதை நான் சிறிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் அந்த ஆறு குட்டிகள் வீண் போகவில்லை. வெள்ளை அங்கோராவின் வெள்ளை, ஒரு நிறமென்பதைவிட நிறத்தை மூடும் போர்வை என்பதே பொருத்தம். சிவந்த கண் கொண்ட அந்த வெள்ளைக்குள் கறுப்போ மண்நிறமோ எது வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். குட்டி பிறக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. என் குட்டிகளில் நான்கு தாயின் நிறம், இரண்டு தனிக்கறுப்பு. தனிக்கறுப்பும் ஒடுங்கு குணமே என்பதால், அதைத் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிரதியாகச் சுமந்திருக்க வேண்டும். வெள்ளைக்குள் கறுப்பு இருப்பது எனக்கு அன்றுதான் உறுதியானது. இதைக் குறித்து வைத்தீர்களா என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன். அவரிடம் அதற்கென்று ஒரு கொப்பியும் இல்லை. எந்த ஆண் எந்தப் பெட்டைக்கு விடப்பட்டது, என்ன நிறத்தில் எத்தனை பிறந்தன என்பதெல்லாம் அவர் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. முயல்களின் காதில் எண்ணோ அடையாளமோ கிடையாது.

அடுத்த கட்டத்துக்கு வழி இரண்டு. கட்டை முடிக் குட்டிகளையே அண்ணன் தங்கையாகச் சேர்த்தால் நான்கில் ஒன்று சடையாக வரும். வெள்ளையும் ஒடுங்கு குணமே என்பதால் அவற்றிலும் கால் பங்கு வெள்ளையாகப் போய்விடும்; நிறமுள்ள சடை பதினாறில் மூன்றுதான். கறுப்புக் குட்டியை மீண்டும் வெள்ளை அங்கோராவுடன் சேர்த்தால் பாதி சடை, பாதி நிறம், இரண்டும் சேர்ந்தது நான்கில் ஒன்று. கணக்கில் வித்தியாசம் சிறிதுதான் என்றாலும், இரண்டாவது வழியில் இன்னொரு ஆதாயம் உண்டு. முடி நீளமா கட்டையா என்பதைத்தான் அந்த ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது; எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு எடை, முரட்டு முடி எத்தனை என்பவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே அங்கோரா இரத்தம் பாதி, முக்கால், முக்கால் அரைக்கால் என்று ஏற ஏறத்தான் முடியின் எடையும் ஏறும்.

ஆறு மாதம் கழித்துக் கறுப்புப் பெட்டையைக் கொண்டுபோனபோது அதே ஆணை நீட்டினார்கள். தந்தையையே மகளுக்கு விடுவதா என்று மறுத்தேன். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்து, தின்ன முடியாமல் மெலியும் குட்டிகள் இப்படி நெருங்கிய உறவில் சேர்க்கும்போது அதிகம் தலைகாட்டும். இன்னொரு வெள்ளை ஆணும் அங்கு உண்டு. அது முதலாவதின் தம்பியா என்று கேட்டதற்கு, "வேற வேற இடத்துல வாங்குனது" என்ற பதில் கிடைத்தது. எழுத்தில் ஒன்றுமில்லை என்பதால் அந்த வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பண்ணைக்காரர் முந்திய ஏமாற்றத்தை உணர்ந்து இந்தச் சேர்க்கைக்குக் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு குட்டிகள் பிறந்தன. நான்கு சடை, அவற்றில் மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதுவும் பெட்டை.

அதே நாளில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். பண்ணையிலேயே கலப்பில் பிறந்து வளர்ந்த, காப்பி நிறம் என்று சொல்லப்பட்ட ஒரு சடைப் பெட்டையை 8500 ரூபாவுக்கு வாங்கினேன். அதே வயதுக் கறுப்பு 5000தான். காப்பி அரிது என்பதால் விலை கூட என்றார்கள். கோடையில் வெயில் சாயும் மேற்குக் கூட்டில் இருந்தவள் அவள். முதுகு செம்மை கலந்த மண்ணிறமாக மின்னியது. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் தடவை கத்தரித்தேன். மூன்றாம் வாரம் புது முடி ஒரு விரல் அகலத்துக்கு எழுந்தபோது விலக்கிப் பார்த்தால், அடியிலிருந்து நுனிவரை கரும்பலகை நிறம். வெயிலில் வெளிறிய கறுப்புக்குத்தான் 3500 ரூபா கூடக் கொடுத்திருக்கிறேன். உண்மையான காப்பி நிற முயலின் கண்ணில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மாணிக்கச் சிவப்பு ஒன்று மினுங்கும். வாங்கும் முன்பே அந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். முறையிட்டபோது, "நானும் காப்பின்னுதான் நெனச்சேன், டீச்சர்" என்று சொல்லி 3000 ரூபாவைத் திருப்பித் தந்தார். ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. தாய் தந்தை நிறம் எழுதியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

முடியின் தரத்தைச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவுறாது. பண்ணையில் கத்தரிப்பதைப் பார்ப்பது ஓர் அனுபவம். முயலை மடியில் கிடத்தி, முதுகின் நடுவே வாயால் மெல்ல ஊதுகிறார். முடி பூப்போல விரிந்து நடுவில் தோல் தெரிகிறது. தெரியும் தோல் மிளகளவு என்றால் நல்ல அடர்த்தி, ஐந்து ரூபாக் குற்றியளவு என்றால் அந்த முயலை இனப்பெருக்கத்துக்கு வைப்பதில்லை. பிறகு முதுகிலிருந்து விலாவுக்கு வரிசை வரிசையாகக் கத்தரித்து, நீண்டு சுத்தமானதை ஒரு பையிலும், வயிற்றடியின் குட்டையானதையும் திரண்டதையும் வேறு பைகளிலும் போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இது நடக்கிறது. ஜெர்மன் அங்கோரா நன்றாகப் பராமரிக்கப்பட்டால் வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் முடி தரும். அவருடைய வெள்ளை ஆண் நான் பார்த்திருக்க ஒரு தடவையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தந்தது. என் இரண்டாம் தலைமுறைக் கறுப்பி, முதல் முழுக் கத்தரிப்பில் தந்தது 60 கிராம். போலிக் காப்பி 90.

நிறம் பற்றி ஒரு சொல். கறுப்பியின் முகமும் காதும் பாதங்களும் மை போன்ற கறுப்பு. உடம்போ புகைச் சாம்பல். கட்டை முடியில் நெருங்கிக் கிடக்கும் அதே கறுப்பு, நீண்ட முடியில் நெடுகப் பரவி ஐதாகிவிடுவதே காரணம். ஆகவே கறுப்பு நூல் வேண்டும் என்று கறுப்பு அங்கோரா வளர்ப்பவர் ஏமாறுவார். அக்காவைப் போலச் சாம்பல் வேண்டியவருக்கு இதைவிட வேறு வேண்டாம். அங்கோரா முடிக்கு மீள்தன்மை குறைவு, தனியாகப் பின்னினால் தொய்ந்துவிடும் என்பதால் அக்கா செம்மறிக் கம்பளியுடன் கலந்தே நூற்கிறார். கலப்புக் குட்டியின் முடியில் முரட்டு முடி கூட என்பதால் கழுத்தில் சற்றுக் குத்துகிறது என்று அவர் சொல்கிறார், தொப்பிக்குப் பரவாயில்லையாம்.

இந்தப் பண்ணைக்குப் போக நினைப்பவர்களுக்கு என் கருத்து இது. நாட்டுப் பெட்டையைக் கொண்டுபோய் அடியிலிருந்து தொடங்காதீர்கள். எனக்கு அதில் ஏழெட்டு மாதம் போய்விட்டது. நிறமுள்ள சடைப் பெட்டை ஒன்றைக் கறுப்பின் விலைக்கே பேசி வாங்கி, வெள்ளை ஆணுடன் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் அனைத்தும் சடையாகவே இருக்கும், பாதியளவிலாவது நிறமும் வரும். காப்பி நிறமும் ஒடுங்கு குணம் என்பதால், உண்மையான காப்பியே கிடைத்தாலும் வெள்ளையுடன் சேர்த்த முதல் தலைமுறையில் அது பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் முயலைக் காட்டச் சொல்லி ஊதிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். யூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கு வரிசையிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். சடைப் பெட்டை குட்டி போடும்போது அவள் பிடுங்கிப் போடும் நீண்ட முடி குட்டிகளின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும் என்பதால், அதைக் கட்டையாக நறுக்கிக் கூட்டில் போடும் வழக்கத்தைப் பண்ணைக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் அவரைப் போல் பொறுமையாகச் சொல்லித் தருபவரை நான் காணவில்லை.

பராமரிப்புக்கும் நேர்மைக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பதிவுக்கு ஒன்றுதான். போன மாதம் போலிக் காப்பியை இரண்டாவது ஆணுக்கு விட்டுவிட்டு வரும்போது, எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டுபோய், திகதி, ஆண், பெட்டை, நிறம், குட்டிகளின் எண்ணிக்கை என்று கோடு போட்டு முதல் வரியை நானே எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் வயிறு தடவப் போனபோது அதில் இரண்டாவது வரி இருந்தது.