ரோசிக்கு ஊசி போடத் தொடங்கி மூன்றரை வருடம்

முதலில் கண்டுபிடித்தது எறும்புகள்தான். 2021 கடைசியில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டின் பல்கனியில் எங்கள் நாய் ரோசி சலம் போன இடத்தை எறும்பு மொய்த்தது. அதற்கு முன்பே தண்ணீர்ச் சட்டியை நாளுக்கு மூன்று தடவை காலி செய்துகொண்டிருந்தாள். சோற்றை அள்ளி அள்ளித் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. "இது எனக்கு வந்த வருத்தமடா" என்றார் அம்மா. மிருக வைத்தியர் இரத்தமும் சலமும் சோதித்துவிட்டு அதையே சொன்னார்: நீரிழிவு.

அம்மாவுக்குக் குளிசை, ரோசிக்கு மட்டும் ஏன் ஊசி? நாய்களுக்கு வருவது பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. குளிசை அங்கே எடுபடாது. ஆயுள் முழுக்க, 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு ஊசி. 1921இல் டொரொன்டோவில் இன்சுலினை முதலில் பரீட்சித்துப் பார்த்ததே நாய்களில்தான். அந்தக் கணக்கில் இது அவர்களுடைய மருந்து, நாங்கள்தான் இரவல் வாங்கியிருக்கிறோம்.

ஊசி போடுவதை நினைத்து முதல் இரவு நான் தூங்கவில்லை. ஒரு கிழமையில் அந்தப் பயம் போய்விட்டது. தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடியில் குத்துவதுதான் வேலை. சாப்பிட்டு முடித்தவுடன் போட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மயிர் ஈரமாகி மருந்து மணம் வந்தால், ஊசி மறுபக்கத்தால் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இன்னொன்று போடக் கூடாது. உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்குத் தெரியும்?

அந்த 'இன்னொன்று' எங்கள் வீட்டில் ஒருநாள் நடந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா போட்டுவிட்டார். நான் வந்து திரும்பவும் போட்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்து, சீனி மட்டுமீறி இறங்கி, ரோசி குடிகாரன் மாதிரித் தள்ளாடி, குசினி வாசலில் கால் மடங்கி விழுந்தாள். தேனை ஈறில் பூசி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஓடினேன். பிழைத்தாள். அன்றிலிருந்து நாட்காட்டியில் கோடு போட்ட பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்போம். இப்போதும் தேன்போத்தல் வாசல் தட்டிலேயே இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து 2022இல் வந்தது. பொருளாதார நெருக்கடியால் இலங்கை முழுக்க மருந்துத் தட்டுப்பாட்டு நேரம். பாமசியில் சிரிஞ்ச் கிடைக்காமல், சென்னையிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி ஒரு பெட்டி எடுப்பித்தேன். நாங்கள் பாவிப்பது மனிதருக்கான என்பிஎச் என்ற வகை இன்சுலின், யூ-100, அதாவது ஒரு மில்லிலீட்டரில் 100 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. வந்த சிரிஞ்சின் மூடியோ சிவப்பு. அது மில்லிலீட்டருக்கு 40 யூனிட் மட்டுமே உள்ள யூ-40 மருந்துக்கானது, இந்தியாவில் சாதாரணமாகக் கிடைப்பது. அதில் 8 என்ற கோடு வரை எங்கள் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட். மூடியின் நிறத்தைக் கவனித்தவர் அம்மா. "நிறம் வேறயா இருக்கு, கேட்டுப்போட்டுப் போடு" என்றார். கேட்டேன். பெட்டி அப்படியே குப்பைக்குப் போனது. நாய்க்கென்றே வரும் சில இன்சுலின் யூ-40தான், அதற்கு இந்தச் சிவப்பு மூடி சரி. ஆகவே போத்தலில் என்ன எண் இருக்கிறதோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும்.

அதே வருடம் கரண்ட் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், போத்தலைத் துணியில் சுற்றி, ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் வைத்த சின்ன மண்முட்டியில் வைத்தோம். பிளாஸ்கில் ஐஸ் போட்டு வைப்பதைவிட இது நல்லது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் உறைந்த இன்சுலின் ஒன்றுக்கும் உதவாது.

சித்திரை வருஷப் பிறப்பு வேறு தலையிடி. சுபநேரத்துக்கு ஊரே வெடி கொளுத்தும். ரோசி கட்டிலுக்கடியில் போய்விடுவாள், சாப்பிடமாட்டாள். சாப்பிடாத நாயைப் பிடித்து முழு அளவு ஊசி போடக் கூடாது. வைத்தியருக்குப் போன் எடுத்துக் கேட்டு, அவர் சொன்னபடி குறைத்துப் போடுவேன்.

இவ்வளவும் செய்தும் முதல் வருடம் சீனி ஒரு நிலைக்கு வரவில்லை. பருவத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஏறியது. சூலகத்தோடு கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் அடங்கியது. பெண் நாய் என்றால் இதை முதலிலேயே கேளுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. கண் மட்டும் தப்பவில்லை. புரை வந்து இரண்டும் பால்போல வெளுத்துவிட்டன. கதிரையை இடம் மாற்றாதவரை வீட்டுக்குள் முட்டாமல் நடக்கிறாள்.

பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, நிரம்பியதும் கிளினிக்கில் கொடுக்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று வருடமாக அம்மா தனியாகத்தான் போகிறார். ஊசி போட வேறு ஆள் இல்லை. மேல்மாடி அக்கா பழகுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு சிரிஞ்சில் தண்ணீரை இழுத்துத் தோடம்பழத்தில் குத்திக்கொண்டிருக்கிறார்.