வேலை தேடச் சொன்னால் வேலைத் தேடும் திருத்தி

தினமும் எழுதுகிற மின்னஞ்சலுக்கும் அறிக்கைக்கும் தமிழ்ப் பிழைதிருத்தி கைகொடுக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுத்துப்பிழைக்குக் கைகொடுக்கும். சந்திப்பிழையில், அதாவது இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்ற ஒற்று மிகுவதா மிகாததா என்பதில், பாதி வழி கூடவே வந்து, மீதி வழியில் காலை வாரிவிடும். நீண்ட நாள் பயன்பாட்டில் மிஞ்சிய எரிச்சல் முழுக்க அந்த மீதி வழியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் அது.

‘அவன் வேலை தேடினான்’ என்று எழுதினால், சந்தி திருத்தி ‘வேலைத் தேடினான்’ என்று மாற்றச் சொல்லும். ஏற்றுக்கொண்டால் அவன் வேல் என்னும் ஆயுதத்தைத் தேடியவன் ஆகிவிடுவான். ‘மழை பெய்தது’, ‘விலை கூடியது’, ‘தலை குனிந்தான்’, ‘காலை பத்து மணி’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான்: மழைப் பெய்யும், விலைக் கூடும், தலைக் குனிவான், மணியோ காலைப் பத்து. இதில் மழையும் விலையும் எழுவாய். எழுவாய்க்குப் பின் வல்லினம் மிகாது என்பது பள்ளிக்கூடத்து இலக்கணம்.

காரணம் புரியாததல்ல. இரண்டாம் வேற்றுமை உருபான ஐ வெளிப்பட்டு நின்றால், அடுத்து வரும் க, ச, த, ப மிகும். இதை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது எளிது. கடைசியில் நிற்கும் ஐ உருபா, சொல்லின் உறுப்பா என்று கண்டுபிடிக்க வைப்பதுதான் பாடு. வேலை ஒரே சொல்லாகவும் இருக்கலாம், வேல் + ஐ ஆகவும் இருக்கலாம். காலை, மாலை, கடலை, பாலை எல்லாம் இப்படி இரட்டை வேடம் போடுபவை. சொல்லைப் பகுக்கும் நிரல் இரண்டு விடைகளையும் தரும். எதை எடுப்பது என்பதை அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதுவரை மன்னிக்கலாம். ஆனால் மழைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ‘மழ்’ என்று ஒரு பெயர்ச்சொல்லே இல்லை. வில்லோடு ஐ சேர்ந்தால் வில்லை ஆகுமே தவிர விலை ஆகாது. அந்த இடங்களில் நிரல் சொல்லைப் பகுக்கவே இல்லை. கடைசி எழுத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிட்டது.

‘வேலை’யை விதிவிலக்குப் பட்டியலில் போட்டுத் தப்பவும் வழியில்லை. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அதே சொல்லுக்கு ஒற்று வேண்டும்: வேலைத் திட்டம், வேலைப் பளு, மழைக் காலம், விலைப் பட்டியல். பட்டியலில் போட்டால் இவையும் சேர்ந்து கைவிட்டுப் போகும்.

திரையில் பரிந்துரை வரும்போது கையாள எளிய சோதனை ஒன்று உண்டு. அடுத்த சொல் வினையாக இருந்தால், முன்சொல்லில் இன்னொரு ஐ சேர்த்துப் பாருங்கள். ‘வேலையைத் தேடினான்’, ‘தலையைக் குனிந்தான்’ என்று பொருள் மாறாமல் நிற்கிறதா? அப்படியானால் ஏற்கெனவே இருக்கும் ஐ உருபு அல்ல, பரிந்துரையை நிராகரிக்கலாம். ‘கடலைப் பார்த்தான்’ என்பதைக் ‘கடலையைப் பார்த்தான்’ ஆக்கினால் கடலே காணாமல் போகிறது. அங்கே ஒற்று சரி. எழுவாய்க்கு இந்தச் சோதனை பொருந்தாது. ‘எது பெய்தது?’ என்று கேட்டு விடை வந்தால் அங்கே ஒற்று வேண்டாம்.

திட்டிவிட்டேன், நியாயமும் சொல்ல வேண்டும். ஈறு தெளிவாக இருக்கும் இடங்களில் சந்தி திருத்தி சலிக்காத ஆள். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, கு உருபு, ‘ஆக’, ‘என’ ஆகியவற்றுக்குப் பின் ஒற்று விட்டுப்போனால் ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லை. ‘வந்து போனான்’ ஒற்று இல்லாமலும் ‘படித்துப் பார்த்தான்’ ஒற்றோடும் வர வேண்டும் என்ற வேறுபாட்டையும் (முன்னது மென்தொடர்க் குற்றியலுகரம், பின்னது வன்தொடர்) நல்ல திருத்திகள் சரியாகவே பிடிக்கின்றன. ‘ஐந்து பேர்’, ‘பத்துப் பேர்’ வேறுபாடும் அப்படியே. இருபது பக்க அறிக்கையில் இவற்றை மனிதக் கண் கட்டாயம் விட்டுவிடும்.

எழுத்துப்பிழைப் பக்கம் வந்தால், சிவப்புக் கோடு வரவே இல்லை என்பதுதான் முதல் குறை. பெரும்பாலும் திருத்தியின் மேல் பிழை இல்லை. அந்தப் பகுதியின் மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்காது. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் மொழி அமைப்புகளுக்குப் போய், சிக்கலான எழுத்தமைப்பு மொழிகள் என்ற பிரிவை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுத்தால்தான் எஃப்7 விசை வேலை செய்யும். வேறு இடத்திலிருந்து ஒட்டிய பத்தி தன் பழைய மொழிக்குறியோடு வந்து உட்கார்ந்திருக்கும். அதையும் முழுதாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும்.

அதன் பின் எதிர்த் தொல்லை: சரியான சொற்களுக்கும் சிவப்பு. லிப்ரே ஆபிஸ் உள்பட பல மென்பொருள்களுக்குள் இருப்பது ஹங்கேரிய மொழிக்காக உருவான ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி நிரல். அது பின்னொட்டுகளை இரண்டு அடுக்கு வரை உரித்துப் பார்க்கும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்ற சொல்லில் எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள். பெயர்களிலும் இதே தலைவலி. கயல்விழி என்று அகராதியில் சேர்த்தால் கயல்விழிக்கு, கயல்விழியிடம், கயல்விழியோடு மூன்றும் சிவப்பாகவே நிற்கும். இதற்கு வழி உண்டு, பலர் கண்ணில் படாத இடத்தில். லிப்ரே ஆபிஸ் 6.0 முதல், பயனர் அகராதியைத் திருத்தும் சாளரத்தில் ‘கிராமர் பை’ (Grammar By) என்று ஒரு பெட்டி இருக்கிறது. எல்லா மொழிக்குமான பொது அகராதியில் அது தெரியாது. தமிழுக்கென்று தனி அகராதி ஒன்றை உருவாக்கினால்தான் தெரியும். புதிய சொல்லுக்கு எதிரே, அதேபோல் உருபேற்கும் மாதிரிச் சொல் ஒன்றை அங்கே கொடுக்க வேண்டும். கயல்விழிக்கு ‘வழி’, சண்முகத்துக்கு ‘மரம்’. இரண்டாவதில் கவனம்: மகர ஈறு ‘மரத்தை’ என்று திரிவதுபோல் ‘சண்முகத்தை’ என்றும் திரிய வேண்டும். மாதிரிச் சொல்லுக்கு விகுதி விதிகள் மூல அகராதியில் இருந்தால்தான் இது பலிக்கும். தவறான சொல்லைக் கைதவறி அகராதியில் சேர்த்துவிட்டால் அதன்பின் எந்தச் சிவப்பும் வராது. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது.

பரிந்துரைகளின் வரிசையும் கோணல்தான். எந்தச் சொல் நெருக்கமானது என்று பார்க்கும்போது திருத்தி எழுத்தை எண்ணுவதில்லை, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு குறியை எண்ணுகிறது. ‘க்’ நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு குறி. ஆகவே விட்டுப்போன ஒற்றைவிட, சம்பந்தமே இல்லாத ஒரு கொம்பு அதற்கு நெருக்கமாகப் படும். அகராதியோடு வரும் விதிக்கோப்பில் ‘மேப்’ (MAP) என்ற கட்டளையில் லளழ, ரற, னணந என மூன்று வரி சேர்த்துவிட்டால், மயங்கொலிப் பிழைகளுக்குச் சரியான சொல் மேலே ஏற நல்ல வாய்ப்பு. கோப்புக்கு நகல் எடுத்து வைக்கவும். அகராதி புதுப்பிக்கப்படும்போது மூன்று வரியும் அழிந்துவிடும்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு: கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘அவா்’ என்ற சொல்லில் சிவப்பு விழுந்தால் யாரும் திருத்தியைத்தான் சந்தேகிப்பார்கள். அங்கே இருப்பது ரகர ஒற்று அல்ல, துணைக்காலின் மேல் வைத்த புள்ளி. பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வந்த உரையில் இது மண்டிக் கிடக்கும், தேடினால் அகப்படாது. துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் வராது என்பதால், ஆவணம் முழுக்க ஒரே வீச்சில் மாற்றலாம். ஆனால் ‘மெளனம்’, ‘கெளரவம்’ என்று ளகரத்தால் எழுதியவற்றை அப்படி மாற்றப் போகாதீர்கள். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வருவதையெல்லாம் ஔகாரக் குறியாக்கினால் வெள்ளமும் தெளிவும் வெளியும் சிதைந்துவிடும். சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்.

பிடிக்கவே முடியாதது, பிழையான சொல் இன்னொரு சரியான சொல்லாக அமைவது. பணி–பனி, கரை–கறை, முன்னாள்–முன்னால், விளக்கு–விலக்கு. ‘உளமார வாழ்த்துகிறோம்’ என்பதை ‘உளமாற’ என்று அடித்தால் மனம் மாறி வாழ்த்துவதாகிவிடும், சிவப்பு விழாது. ‘அவரைவிட’ என்பதைப் பிரித்து ‘அவரை விட’ என்று எழுதினாலும் அப்படித்தான். உங்கள் கைக்குப் பழகிப்போன இணைகளைத் தாளில் எழுதி வைத்து, அனுப்பும் முன் ஒவ்வொன்றாகத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. (வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையில் திருத்தி ஒரு பக்கம் சாய்ந்தால், அதை உருவாக்கியவர் அந்தப் பக்கம் என்று பொருள். அவ்வளவுதான்.)

நண்பருக்குப் பதில்: எழுத்துப்பிழை திருத்தியை இன்றே நிறுவுங்கள். சந்தி திருத்தியை, மேலே அவ்வளவு புகழ்ந்த பிறகும், அணைத்து வையுங்கள். ‘அனைத்தையும் ஏற்கவும்’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் இன்று வேறு பதில் வரவில்லை. நாளை ஒரு நீண்ட அறிக்கையில் விட்டுப்போன நாற்பது ஒற்றுகளை அது எடுத்துக் காட்டினால், மறுபடி இயக்கிக்கொள்ளச் சொல்லவும் கூடும்.